கம்பெனி பிக்கப்

— அண்ணி, கையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துக்கங்க. சால்டரிங் அயர்ன் சூடா இருக்கு. உங்க விரல் பொசுங்கிச்சுன்னா அண்ணன் என் கடையையே பொசுக்கிடுவார்.

— கவனிக்கல தம்பி. எவ்வளவு நேரம் ஆகும்?

— வேலை என்ன பெரிய வேலை? பழைய பிக்கப் ரெண்டையும் கழட்டணும், புதுசு ரெண்டையும் மாட்டணும். என் வேலையை விட என் பேச்சுதான் நீளம். ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனே திங்கக்கிழமை கொண்டு வர்றேன்னு சொல்லியிருந்தாரே. இன்னிக்கு சனிக்கிழமைதானே ஆகுது. நீங்க ஏன் இவ்வளவு பெரிய கிட்டார் உறையைத் தோள்ல மாட்டிட்டு வந்தீங்க?

— அவர் சொன்னாரா? இதை மாத்தணும்னா?

— போன வாரம் இந்தப் பக்கம் வந்தப்ப சொன்னார். உங்ககிட்ட சொல்லலையா?

— என்கிட்ட அவர் சொல்றது ரெண்டே விஷயம். தண்ணி வந்துடுச்சும்பார். கதவைப் பூட்டிட்டியாம்பார்.

— எங்க வீட்டுல நேர்மாறு. நான் பேச ஆரம்பிச்சா என் பொண்டாட்டி டிவி சத்தத்தை ஏத்திடுவா. நான் அதுக்கு மேல ஏத்துவேன். பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிட்டே போயிட்டான்.

— நான் கொண்டு வந்தது அவருக்குத் தெரியாது. பிரஸ்ல ஷிஃப்ட் முடிஞ்சு அவர் வர்றதுக்குள்ள மாட்டி, இருந்த இடத்துலயே வச்சிடணும்.

— ஓஹோ, சர்ப்ரைஸா! பொறந்த நாளா, கல்யாண நாளா?

— ரெண்டும் இல்ல.

— அப்புறம்?

— மிச்சம் இருக்கற வேலையெல்லாம் முடிச்சுட்டிருக்கேன். குழாய்க்கு வாஷர் மாத்தினேன். அவர் சட்டைக்கெல்லாம் பட்டன் தெச்சேன். கேஸ் ட்யூப் மாத்தினேன். இது ஒண்ணுதான் பாக்கி. கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லுவார், இதுல இருக்கறது கம்பெனிக்காரன் போட்ட மட்டமான பிக்கப், ஒரு நாள் மாத்தணும்னு. அந்த ஒரு நாள் வரவே இல்ல.

— ஊர்ல பாதிப் பேர் கதை அதுதான் அண்ணி. கம்பெனிக்காரன் உடம்புக்குப் பாலீஷ் போட்டு, பாக்கறவங்க கண்ணைப் பறிச்சிடுவான். உள்ள பிக்கப்ல கை வச்சிடுவான்.

— பிக்கப்னா என்னன்னே எனக்குத் தெரியாது தம்பி. நான் இதைத் தூசி தட்டறதோட சரி.

— இதோ பாருங்க, கம்பிக்கு அடியில சோப்புப் பெட்டி மாதிரி ரெண்டு உக்காந்திருக்கே, இதுதான். கிட்டாரோட காதுன்னு வச்சுக்கங்களேன். உள்ள காந்தம். அதைச் சுத்தி, தலைமுடியை விட மெல்லிசா செம்புக் கம்பி. மேல இருக்கற கம்பி அதிர்றதை இது கேட்டு ஆம்ப்புக்கு, அதான் அந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு, அனுப்பும். ஆம்ப் ஊருக்கே சொல்லும்.

— அதுல என்ன மட்டம்?

— சுத்தின செம்புக் கம்பி அசையாம இருக்க மெழுகு ஊத்தணும். இந்தக் கம்பெனிக்காரன் மெழுகைக் கண்ணுல காட்டிட்டு எடுத்துட்டுப் போயிட்டான். உள்ள எல்லாம் லொடலொட. சத்தத்தை ஏத்தினா 'கீஈ'ன்னு கத்தும். அதோட விடாது, கம்பியைக் கேளுன்னு வச்சா கண்டதையும் கேக்கும்.

— கண்டதையும்னா?

— ஆம்பைப் போடறேன் பாருங்க. இதுக்கு நேரா குனிஞ்சு ஏதாவது சொல்லுங்க.

— என்ன சொல்றது?

— கேட்டுச்சா! 'என்ன சொல்றது'ன்னு ஆம்ப் பேசுது பாருங்க!

— என் குரல்.

— உங்க குரலேதான். கொஞ்சம் டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அதுவும் இந்த கிட்டார் உள்ள பொந்து விட்டது, பாதிப் பெட்டி. இன்னும் நல்லாப் பிடிக்கும். இதைத்தான் போன தடவையே அண்ணன்கிட்ட சொன்னேன். அட, என்ன அண்ணி, அப்படியே நின்னுட்டீங்க?

— போன தடவைன்னா? போன வாரமா?

— இல்லல்ல. அதுக்கும் முன்னாடி, மழை சீசன்ல. இதே மேஜையில, இதே மாதிரி கழட்டி வச்சுட்டு, மாத்திடலாம்ண்ணா, புதுசு இருக்குன்னேன். கையில எடுத்துக்கூட பாக்கல. 'வேண்டாம், அப்படியே மூடிடு'ன்னார். மெழுகாவது ஊத்தித் தர்றேன்னேன். 'ஒண்ணும் ஊத்தாத'ன்னு என் கையைப் பிடிச்சுட்டார். தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கே கடுப்பாயிடுச்சு. வந்த வியாபாரத்தை யாராவது விடுவாங்களா?

— ஏன் வேண்டாம்னாராம்?

— அதைக் கேட்டா சிரிப்பீங்க. இதுல ஒரு ஸ்டேஷன் வருதாம்.

— என்ன ஸ்டேஷன்?

— ரேடியோ ஸ்டேஷன் அண்ணி. நடக்கறதுதான். மட்டமான பிக்கப், பக்கத்துல டவர் ஏதாவது இருந்தா ரேடியோவைக்கூடப் பிடிச்சிடும். அண்ணன் ஹெட்போன் போட்டு வாசிக்கறார் இல்ல, அதுல தினமும் சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் ஓடுதாம். அதை விட மனசில்லையாம்.

— வீட்டு ஓனர் சத்தம் போட்டதுல இருந்துதான் ஹெட்போன். வேலையிலயும் மிஷின் சத்தத்துக்குக் காதை மூடிக்கறார், வீட்டுலயும் மூடிக்கறார். தொடர்னா, என்ன தொடர்?

— ஒரே ஒரு பொம்பளைக் குரல்தானாம். அவளே பேசுவாளாம், அவளே சிரிப்பாளாம். நடுநடுவுல துணி உதறி மடிக்கற சத்தம் எல்லாம் வருமாம். நாடகத்துல அதெல்லாம் போடுவாங்க இல்ல, எஃபெக்ட்டு. கதை பூரா பல் ஆஸ்பத்திரியில நடக்குது.

— பல் ஆஸ்பத்திரியில.

— ஆமா. அண்ணன் இங்க வந்து உக்காந்தா எனக்கு ஒரு பகுதி சொல்லிட்டுத்தான் போவார். அதிகம் பேசாத மனுஷன், அந்தக் கதைன்னா மட்டும் வாய் திறப்பார். ஒண்ணு சொன்னார், நான் ரெண்டு நாள் சிரிச்சேன். ஒரு ஆளுக்குப் பல்லுக்குத் தொப்பி, அதான் கேப், மாட்டறாங்களாம். மாட்டிட்டு வெளிய வந்து நிக்கறப்ப, பயங்கரமா ஒரு தும்மல். தொப்பி பறந்து போய் அங்க இருந்த மீன் தொட்டியில விழுந்து, ஒரு மீன் அதை அப்படியே—

— முழுங்கிடுச்சு. ஆரஞ்சு மீன்.

— ஆமா! ஆரஞ்சு மீன்! அந்த ஆள் தினமும் வந்து தொட்டி முன்னாடி உக்காந்துட்டு, மீன் வாயைத் திறக்குதான்னு பாத்துட்டே இருப்பானாம். அட, நீங்களும் அந்த நாடகம் கேக்கறீங்களா?

— அது எங்க ஆஸ்பத்திரி மீன் தொட்டி தம்பி.

— நீங்க வேலை பாக்கற ஆஸ்பத்திரியை வச்சு நாடகமே போடறாங்களா!

— நாடகம் இல்ல. நான்தான் சொன்னேன். அவர் ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருப்பார். நான் கட்டில்ல துணி மடிச்சுட்டே சொன்னேன்.

— …அண்ணி. அப்ப நீங்கதான் அந்த ஸ்டேஷனா?

— அவருக்குக் கேக்காதுன்னு நெனச்சு பேசினேன். எனக்கு அது பழக்கம் தம்பி. ஆஸ்பத்திரியில வாயைத் திறந்து, பஞ்சைக் கடிச்சுட்டுப் படுத்திருப்பாங்க. டாக்டர் பக்கத்துல நின்னு உறிஞ்சுற குழாயைப் பிடிச்சுட்டு நான் பேசிட்டே இருப்பேன். வெயில், பஸ், பக்கத்துக் கடை, ஏதோ ஒண்ணு. அவங்களால பதில் சொல்ல முடியாது. வீட்டுலயும் அப்படித்தானேன்னு ஆரம்பிச்சேன்.

— இருங்க, இருங்க. ஒருவேளை நிஜமாவே ரேடியோவா இருந்து, அந்த ஸ்டேஷன்லயும் ஒரு ஆரஞ்சு மீன்…

— பாத்துடலாம். அந்த ஹெட்போனை நீங்க மாட்டிக்கங்க. கிட்டாரை மடியில வைங்க. நான் இங்க நிக்கறேன், எங்க வீட்டுக் கட்டில் இவ்வளவு தூரம்தான். மெதுவாத்தான் பேசுவேன்.

— அவர் வைக்கற மாதிரி ஆம்பை ஏத்தி வச்சுக்கறேன். மாட்டியாச்சு. பேசுங்க.

— நாளைக்குக் காலையில நான் போறேங்க. ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஊர்ல புதுசா ஒண்ணு திறக்கறாங்க. அங்க கேட்டேன், கொடுத்துட்டாங்க. ரூமும் பாத்தாச்சு. பையை நேத்தே ஆஸ்பத்திரியில கொண்டு போய் வச்சுட்டேன். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நேர்ல சொல்லத்தான் வாய் வரல… தம்பி, எதுக்கு கம்பி மேல கையை வச்சிருக்கீங்க?

— இல்லன்னா கம்பியும் சேர்ந்து அதிருது அண்ணி. குரல் கலங்கிடுது. உள்ளங்கையை வச்சு இப்படி அமுக்கினாத்தான் தெளிவா—

— இப்படித்தான் உக்காந்திருப்பார். கையை வச்சுட்டு, வாசிக்காம, தலையைக் குனிஞ்சுட்டு. மனசுக்குள்ள ஏதோ பாட்டு ஓட்டறார்னு நெனச்சேன்.

— இதோ, ஹெட்போனைக் கழட்டிடறேன் அண்ணி.

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு அண்ணி. பையை வச்சது வரைக்கும் கேட்டுச்சு.

— நான் இதைத் தினமும் சொல்லிப் பாத்துட்டிருந்தேன். ஒத்திகை மாதிரி. ஒரு நாள் அவர் ஹெட்போனைக் கழட்டினதும் நேர்ல சொல்லிடணும்னு.

— தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லியே ஆகணும். சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராது.

— சொல்லுங்க.

— போன வாரம், திங்கக்கிழமை மாத்திடலாம்னு அண்ணன் சொன்னாரே. ஏன்ணா, அந்த நாடகம் என்னாச்சுன்னு கேட்டேன். 'ஞாயித்துக்கிழமையோட முடியுது. அதுக்கப்புறம் இந்தப் பிக்கப் எனக்கு வேண்டாம்'னார்.

— ஞாயித்துக்கிழமையோட.

— எனக்கு அப்ப என்ன தெரியும்? அந்தப் பொம்பளை கடைசியில என்ன ஆனான்னு சொல்லணும்ண்ணான்னு கேட்டு வச்சேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

— நாள் கூடத் தெரிஞ்சிருக்கு.

— உக்காருங்க அண்ணி. அந்த ஸ்டூலை இழுத்துக்கங்க. தண்ணி தரட்டுமா?

— வேண்டாம்.

— கோபம் வருதா? வந்தா திட்டுங்க. கதவைச் சாத்திடறேன், நல்லா சத்தமாவே திட்டுங்க.

— வரணும்தான் தம்பி. வரல. பல்லுக்கு ஊசி போட்டா உதடு மரத்துப் போகும் இல்ல, அவங்ககிட்ட நாங்க சொல்லி அனுப்புவோம், கொஞ்ச நேரம் எதையும் சாப்பிடாதீங்க, உதட்டைக் கடிச்சுக்குவீங்க, வலிக்காது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்னு. அந்த மாதிரி இருக்கு. கடிச்சுட்டிருக்கேனா இல்லையான்னு தெரியல.

— அண்ணன் நல்ல மனுஷன் அண்ணி.

— நல்லவர்தான். ஒரு நாள் கை நீட்டினதில்ல. சண்டை கூட இல்ல. சண்டை போட ரெண்டு பேர் வேணுமே. எங்க வீட்டுல நான் இருப்பேன், அப்புறம் அவர் இருப்பார்.

— அந்த மீன் என்ன ஆச்சு? அண்ணன் அதைச் சொல்லவே இல்ல.

— செத்துப் போச்சு.

— அடடா. அந்த ஆளுக்குத் தொப்பி கிடைச்சுதா?

— வேண்டாம்னுட்டார். அந்த மீனை எடுத்துட்டுப் போய், ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த தொட்டிச் செடிக்கு அடியில அவரே புதைச்சார். தினமும் பாத்துப் பாத்துப் பழகிட்டாராம்.

— …நான் சிரிக்கறதா வேண்டாமா தெரியல அண்ணி.

— எனக்கும் தெரியல. சரி, வேலையைப் பாருங்க.

— எந்த வேலை? மாத்தறதா, மூடறதா? ஒரு வார்த்தை சொல்லுங்க. என் கடையில நான் யாருக்கும் 'மாத்தாதீங்க'ன்னு சொன்னதே இல்ல. இன்னிக்குச் சொல்லலாமான்னு வாய் துறுதுறுங்குது.

— மாத்திடுங்க.

— அண்ணி…

— அவரும் மாத்தறதாத்தானே இருந்தார்? நாளைக்கு நான் பஸ் ஏறிட்டா, அப்புறம் இது எதைக் கேக்கப் போகுது? ஃபேன் சத்தத்தையா? புதுசைப் போடுங்க. நல்லா வாசிக்கட்டும்.

— ஒரு தடவை அவர்கிட்டயே கேட்டுட்டு…

— கேட்டா 'ம்'ம்பார். போடுங்க தம்பி.

— சரி. மூடி கழட்டினது கழட்டினபடிதான் இருக்கு. பழைய வயரை முதல்ல உருவணும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வால்யூம் கட்டையைத் திருகிப் பாத்துடறேன், அது சரியா இருக்கணும். கம்பி அதிர்ந்துட்டே இருக்கு, நீங்க கொஞ்சம் கையை வச்சு அமுக்கிக்கங்க. உள்ளங்கையால. ஆங், அப்படித்தான்.

— இவ்வளவு அழுத்தினா போதுமா?

— போதும். ஐயோ, இந்த நேரம் பாத்து போன் அடிக்குது. என் கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. நீங்களே அந்தப் பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரைத் தட்டிட்டு கிட்டார் மேலயே வச்சிடுங்க. யாரு, என் பொண்டாட்டியா?

— அவர்.

— அண்ணனா?

— எடுக்கறேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க.

— ஹலோ… சொல்லுங்கண்ணா.

— தம்பி. என் கிட்டார் அங்க வந்துச்சா?

— கிட்டாரா… ஏன்ணா?

— வீட்டுல காணோம். உன் குரல் ஏன்டா கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?

— ஆம்ப் ஓடுதுண்ணா. போனைப் பிக்கப் பக்கத்துல வச்சுட்டேன், உங்க குரலும் ஆம்ப்லதான் வருது. இதோ, கொஞ்சம் குறைச்சுட்டேன்.

— சரி விடு. அவ எடுத்துட்டுப் போயிட்டா போல.

— யாருண்ணா?

— உன் அண்ணி. அலமாரியில பையும் இல்ல. நாளைக்குன்னு சொல்லியிருந்தா. ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டா.

— அவங்க ஏன்ணா கிட்டாரை எடுத்துட்டுப் போகணும்?

— என்னமோ. இருக்கட்டும். ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடியே பர்மிஷன் கேட்டுட்டு வந்தேன். இன்னிக்கு ஒரு நாள்தான் பாக்கின்னு. வந்து பாத்தா வீட்டுல யாரும் இல்ல. சட்டைக்கெல்லாம் பட்டன் தெச்சு வச்சிருக்கா.

— அண்ணா, அந்த ரேடியோ நாடகம்…

— ரேடியோவும் இல்ல, ஒண்ணும் இல்லடா. அவதான் பேசிட்டிருந்தா. மொத நாள் என்னைப் பத்தித்தான் சொன்னா. 'உங்களோட இருக்கறது எங்க ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு, கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு பாத்துட்டே இருக்கேன், கூப்பிடவே மாட்டேங்கறாங்க'ன்னா. எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா சங்கடப்படுவாளேன்னு தலையைக் குனிஞ்சுட்டேன். மறுநாள் ஏதோ ஒரு டாக்டர் கதை சொன்னா. நல்லா இருந்துச்சு.

— நீங்க கூப்பிட்டிருக்கலாமேண்ணா.

— என்னன்னு கூப்பிடறது? இத்தனை நாளும் திருட்டுத்தனமாக் கேட்டுட்டிருந்தேன்னா? கேக்குதுன்னு தெரிஞ்சா பேசறதை நிறுத்திடுவா. அவ பேசலைன்னா அந்த வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான்தானே அப்படி வச்சிருந்தேன்.

— இருந்தாலும் போறேன்னு சொன்னப்பவாவது…

— தினமும் ஹெட்போனைக் கழட்டுவேன்டா. போகாதேன்னு சொல்லிடலாம்னு. கழட்டின உடனே அவ 'சாப்பிடறீங்களா'ம்பா. நானும் 'ம்'முன்னுடுவேன்.

— அப்புறம்ண்ணா?

— அந்த மீன் செத்துப் போச்சுன்னு சொன்ன அன்னிக்கு அவ குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பாதி துணியை மடிக்காமயே எழுந்து போயிட்டா. என்னம்மா ஆச்சுன்னு போய்க் கேட்டிருக்கணும். அந்தத் துணியை நான்தான் மடிச்சு வச்சேன். யார் மடிச்சதுன்னு அவ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல.

— அண்ணா…

— இப்ப உன்கிட்ட எவ்வளவு பேசறேன் பாரு. தம்பி? ஹலோ? லைன்ல இருக்கியா? நான் பேசறது கேக்குதா?

— கேக்குதுங்க. கம்பியை அமுக்கிப் பிடிச்சுட்டுதான் இருக்கேன். நீங்க பேசுங்க.